மாமாவின் பதினைந்து அடி

சென்னை-திருச்சி பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெரம்பலூர் என்பது அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, ‘இன்னும் திருச்சி வரலியா?’ என்று கேட்கும் இடம். எனக்கு அதுதான் சொந்த ஊர்.

எங்கள் ஜில்லாவின் ஜாதகம் கொஞ்சம் சிக்கல். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் தனிக்குடித்தனம் போனது. 2002-ல் மறுபடி கூட்டுக்குடும்பம். 2007-ல் திரும்பவும் தனிக்குடித்தனம். இத்தனை பாகப்பிரிவினையிலும் பிரிக்க முடியாமல் பொதுவில் நிற்கிற சொத்து ஒன்று உண்டு. மருதையாறு.

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் பக்கம் ஓடி, அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் கலக்கிற ஆறு. வருஷத்தில் பாதி நாள் லீவு போட்டுவிடும். அதை நம்பி ஏமாறக்கூடாது. 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளத்தில் அரியலூர் அருகே இதன் மேலிருந்த ரயில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் உள்ளே விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தது அதற்காகத்தான்.

இந்த ஆற்றங்கரையில் என் தாய்மாமாவுக்கு இரண்டு ஏக்கர். ஒரு போகம் மக்காச்சோளம், ஒரு போகம் பருத்தி. கரையை ஒட்டியே கிணறு. ஆற்று ஊற்றுதான் அதற்கு ஆதாரம். போன மாதம் போயிருந்தபோது திண்ணையில் வரிசையாக இருபது லிட்டர் கேன்கள்.

“என்ன மாமா, ஆத்தங்கரையில குடியிருந்துக்கிட்டு கேன் தண்ணியா?”

“பாப்பா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்குல்ல? டாக்டரம்மா கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க.”

பாப்பா எனக்கு முறைப்பெண். நல்லவேளை, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டுத் தப்பித்துவிட்டாள்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மாமாவின் கிணறு தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சக்தியை இழந்து, உடம்பு நீலம் பாரித்துவிடும் அபாயம் உண்டு.

“காய்ச்சிக் குடுத்தா போயிடாதா தம்பி?” என்றாள் அத்தை.

“போகாது அத்தை. தண்ணிதான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே உக்காந்திருக்கும். இன்னும் கெட்டியாயிடும்.”

இந்த நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வயலில் போடுகிற யூரியா முழுவதும் பயிரின் கணக்கில் வரவாவதில்லை. மிச்சம் நைட்ரேட்டாக மாறி, மழையில் கரைந்து, மண்ணுக்கடியில் நழுவி ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போகிறது. சாக்கடையும் மாட்டுக்கொட்டிலும் தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன. அதைப் பாதி வழியில் மறித்து வசூல் பண்ணுகிற செக்போஸ்ட்தான் கரையோர மரங்கள்.

நான் சொன்னால் மாமா நம்புவாரா? அமெரிக்காவின் மேரிலாண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னேன். 1984-ல் வெளியானது. அங்கேயும் மக்காச்சோளக் காடுதான். அதற்கும் ஓடைக்கும் நடுவே சுமார் 50 மீட்டர் அகலத்துக்கு மரங்கள். தங்களிடம் வந்த நைட்ரஜனில் 89 சதவீதத்தை அந்த மரங்களும் மண்ணும் பிடித்துக்கொண்டன. வேர் கொஞ்சம் குடிக்கிறது. வேரடி ஈரமண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் மீதியில் கணிசமானதை வெறும் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. உதிர்ந்த சருகு வண்டல் மண்ணைத் தடுக்கிறது. கரையும் சரியாது.

இதை நம்பி, செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளின் கரையில் 2010-க்குள் 2,010 மைல் நீளத்துக்கு மரம் வைப்பதென்று 1996-ல் முடிவு செய்தார்கள். 2002-லேயே முடித்துவிட்டார்கள். எட்டு வருஷம் முன்னதாக! நம் ஊரில் ஒரு பாலம் அப்படி முடிந்ததுண்டா?

“எவ்ளோ அகலம் விடணும்?”

“குறைஞ்சது 35 அடிங்கிறாங்க.”

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆற்றோரம் அவருக்கு 120 அடி. பெருக்கினால் கிட்டத்தட்ட பத்து சென்ட்.

“பத்து சென்ட்ட உட்டுட்டு, மர நிழல்ல சோளம் கருகிக் கிடக்கறத வேற பாக்கணுமா? சரி மாப்ள, நா மரம் வெச்சா என் கிணறு சுத்தமாயிடுமா?”

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“பெருசா ஆகாது மாமா. உங்க மரம் கீழ்க்காட்டுக்காரர் தண்ணியத்தான் சுத்தம் பண்ணும். உங்களுக்கு நல்ல தண்ணி வரணும்னா மேல இருக்கறவங்க வைக்கணும். அதோட யூரியாவையும் எல்லாரும் கொறைக்கணும்.”

“அப்ப மேல போய்ச் சொல்லு!”

நியாயம்தான். மேல்காட்டுக்காரரிடம் போனால் அவரும் அதையேதான் சொல்வார். இப்படியே போனால் பச்சைமலை உச்சிக்குத்தான் போய்ச் சேரவேண்டும். செலவு ஒருத்தர் கணக்கில், வரவு இன்னொருத்தர் கணக்கில். எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

ராத்திரி முழுக்க மாமா பேசவில்லை. காலையில் கயிறும் நாலு குச்சியும் எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தார். புறம்போக்கை விட்டு, பட்டா நிலத்தில் அளந்து குச்சி ஊன்றினார். 35 இல்லை. 15 அடி. நாலு சென்ட் சொச்சம்.

“இவ்ளோதான் முடியும். பாப்பாவப் பாத்துட்டுச் செய்யறேன். இத மேல்காட்டான்கிட்ட காட்டிட்டு அப்பறம் பேசறேன். வெறுங்கையோட போய்ப் பேச முடியாதுல்ல?”

ஆற்றுப் பக்கம் வெட்டிவேரும் நொச்சியும், அடுத்து நீர்மருது, நாவல், புங்கன் என்று முடிவாயிற்று. மருதையாற்றங்கரையில் மருதமரம் இல்லாமல் எப்படி? ஆற்றுக்குள் எதுவும் நடக்கூடாது, வெள்ளம் போக வழி வேண்டும் என்பதில் மாமா என்னைவிடக் கறார். ஐம்பத்தாறு கதையைக் கேட்டு வளர்ந்தவர்.

ஊர் திரும்புமுன் சாத்தனூர் போய்க் கல்மரத்தைப் பார்த்தேன். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது.

மாமாவின் மருது அத்தனை காலம் நிற்க வேண்டியதில்லை. பிறக்கப்போகிற பேரன் கேன் இல்லாமல் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் நின்றால் போதும். அதற்கு மேல்காட்டுக்காரரும் ஒரு கயிறு எடுக்க வேண்டும்.