நிற்கத் தெரிந்த வண்டி

ஜனவரி 20

தம்பியின் பழைய பைக்கை மூன்று சக்கர வண்டியாக மாற்றும் யோசனை இன்று கைவிடப்பட்டது. பட்டறை அண்ணாச்சி பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சாக்பீஸ் எடுத்துத் தரையில் படம் போட்டு விளக்கினார். பைக்கை முழுசாக மூன்று சக்கரமாக்க, பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு அங்கே ஓர் அச்சும் இரண்டு சக்கரமும் வைக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகக் கோத்துவிட்டால் டயர் தரையில் தேயும். ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகத்தான் பார்க்கும். அதற்காகத்தான் ஆட்டோவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது.

"மெட்ராஸ்ல மீன்பாடி வண்டி ஓடுதுல்லா, அந்தமானிக்கு எதையாவது பத்தவச்சுத் தர எனக்குத் தெரியும் தாயி. ஆனா சேஸிஸ அறுத்த வண்டில ஒங்கள ஏத்திவிட மாட்டேன்" என்றார்.

பைக்கில் கியர் இடது காலில், பின்பிரேக் வலது காலில். என் இடது கால் இரண்டு வயதில் போலியோவில் சூம்பியது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டர், இரண்டு பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாமே கைக்குள். இணைப்புச் சக்கர வண்டி என்றாலே ஸ்கூட்டராக இருப்பதற்குக் காரணம் இதுதான். 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று வாங்குவதென்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இல்லாமல் வெளியே இருக்கும் மாடல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பங்க்கில் ஒவ்வொரு முறையும் இறங்கி, ஊன்றுகோலை எடுத்து, சீட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

ஜனவரி 29

சக்கரம் பொருத்தும் வேலை. ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரத்தை யாரும் தொடவில்லை. சேஸிஸில் போல்ட் போட்டு ஒரு இரும்புச் சட்டம்; அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு கை; கையின் முனையில் சக்கரம், மேலே ஷாக் அப்சார்பர். எஞ்சின் நடுச்சக்கரத்தை மட்டும் சுழற்றும். பக்கச் சக்கரங்கள் தன்போக்கில் உருளும், ஆகவே டிஃபரன்ஷியல் தேவையே இல்லை. எண்ணிப் பார்த்தால் தரையில் இருப்பவை நான்கு சக்கரங்கள், ஊர்வாயில் மட்டும் மூணு சக்கர வண்டி.

இடப்பக்கக் கிக்கரை இனி உதைக்க முடியாது, சக்கரம் மறிக்கிறது. பேட்டரியை நல்லபடி வைத்துக்கொள்ள வேண்டும். ஊன்றுகோலுக்கு வலப்பக்கம் இரண்டு வளையம் வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி இடப்பக்கம் வைக்கத்தான் பைப்பை வளைத்து வைத்திருந்தார். நான் இறங்குவது வலது காலை ஊன்றி. கட்டை அந்தப் பக்கம் இருந்தால்தான் கைக்கு வரும். மறுபேச்சுப் பேசாமல் பைப்பை மறுபடி சூடேற்றினார்.

முன்பெல்லாம் வருகிறவர்களில் போலியோக்காரர்கள்தான் மிகுதியாம். "இப்ப யாரு தாயி வருதா? சுகர்ல கால எடுத்தவங்க, ஆக்சிடெண்ட்ல அடிபட்டவங்க." இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13-இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். என் வகைக் கால்கள் இனி இந்த நாட்டில் பிறந்து வளரப் போவதில்லை. பட்டறையில் உட்கார்ந்து அதை நினைத்தபோது மனசு நிறைந்திருந்தது.

பிப்ரவரி 1

இன்று முழுக்க உயரம் சரிபார்க்கும் வேலை. வண்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் பாரமெல்லாம் அவற்றின் மேல் ஏறிவிடும். நடுச்சக்கரம் தரையில் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். மணலிலும் ஈரத்திலும் அது சும்மா சுற்றும், வண்டி நகராது. உயர்ந்துவிட்டாலோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து ஆடும்.

பட்டறை வாசலில் மழைத்தண்ணீர் போக வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. நடுச்சக்கரம் பள்ளத்துக்குள்ளும் பக்கச் சக்கரங்கள் இரு கரையிலும் இருக்கும்படி வண்டியை நிறுத்தினார். என்னையும் ஏறச் சொன்னார். காலில் மாட்டும் கேலிப்பர், ஊன்றுகோல், சாப்பாட்டுப் பை எல்லாவற்றோடும். "தெனமும் எம்புட்டு எடையோட போவீங்களோ அம்புட்டும் இருக்கணும்." ஆக்சிலேட்டரைத் திருகினேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது, ரப்பர் கருகும் வாடை, வண்டி அசையவில்லை. ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டைக் கழற்றி ஒரு துளை மாற்றி மாட்டினார். மறுபடி திருகல், மறுபடி வாடை. அடுத்த துளையில் வண்டி ஒரு உதறு உதறிவிட்டுப் பள்ளத்திலிருந்து தானே ஏறி வந்தது. அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே இல்லை. குனிந்து இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவு அமுங்கியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6

காகித வேலைகள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கட்டித் தந்த வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஊனமுள்ளவர் ஓட்டுவதற்காக மாற்றினாலும் அது ஆர்சியில் ஏற வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தார், அகலம் அளந்தார். சட்டத்தில் முன்பு 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருந்த சொல் 2019 திருத்தத்தில் போய், மாற்றியமைத்த வாகனம் என்று ஆகியிருக்கிறது. எல்எல்ஆரும் வந்துவிட்டது. முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்.

பிப்ரவரி 10

பாளையங்கோட்டையில் சமாதானபுரம் பக்கத்து மைதானம். முதலில் தம்பி ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறினான். இருபது வருஷமாகப் பைக் ஓட்டுகிறவன். முதல் திருப்பத்திலேயே வண்டி அவன் சொன்னதைக் கேட்கவில்லை, நேரே வேலியைப் பார்த்துப் போய்விட்டது. இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும். வேகத்தில் போகும்போது ஹேண்டிலை மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளித்தான் அந்தச் சாய்வை வரவழைக்கிறோம். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது, உடம்பு செய்துவிடும். மூன்று சக்கரம் சாயாது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். பழகின கைக்கு அது வரவில்லை.

எனக்குப் பழக்கமே கிடையாது என்பதால் எளிதாகவே வந்தது. ஆனால் வளைவில் உடம்பு வெளியே தள்ளப்படும். இடுப்பை உள்பக்கம் நகர்த்தி, அந்தப் பக்கத் தோளை இறக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். திருப்பத்துக்குள் பிரேக் பிடித்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது.

பிப்ரவரி 19

எல் போர்டோடு ரோட்டில். பின்னால் தம்பி பைக்கில்.

நம் ரோடுகள் நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. நடக்கும்போது கவனிக்காத அந்தச் சரிவு இந்த வண்டியை ஓயாமல் இடப்பக்கம் இழுக்கிறது. வண்ணாரப்பேட்டை வருவதற்குள் வலது தோள் கடுத்துவிட்டது. குழியைப் பைக்காரர்கள் நெளிந்து தப்பிவிடுகிறார்கள். எனக்குச் சக்கரத்தடம் மூன்று. ஒன்றைத் தப்பினால் இன்னொன்று விழும். எந்தச் சக்கரத்தைக் குழியில் விடுவது என்று நாமே தீர்மானித்து, மெதுவாக விட வேண்டும். வேகத்தடையை நேராகத்தான் ஏற வேண்டும், கோணலாக ஏறினால் முதுகெலும்பு முறுகுகிறது.

சிக்னலில் சிவப்பு. பக்கத்துப் பைக்குகளில் எல்லோரும் இடது காலை ஊன்றினார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓடுகிற வண்டிக்கு இரண்டு சக்கரம் போதும், அது விழாது. நிற்கும்போதுதான் மனுஷனின் கால் வேண்டும். இத்தனை வருஷம் ஸ்கூட்டர் எனக்குக் கிடைக்காமல் போனது ஓட்டத் தெரியாததாலோ பலம் இல்லாததாலோ இல்லை. சிக்னலில், கொண்டை ஊசித் திருப்பத்தில், மாடு குறுக்கே வந்தால், ஒரு நொடி ஊன்ற ஒரு கால் இல்லாததால். வண்டியில் வெல்டு செய்திருப்பது அந்த ஒரு நொடியைத்தான். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது.

கொக்கிரகுளம் தாண்டிச் சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றுக்காற்று. அக்கரையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், "இந்த வண்டியெல்லாம் இங்க விடக் கூடாதுக்கா, எடத்த அடைக்கும்" என்றார் காவலாளி. இரண்டு பைக் நிற்கும் இடம்தான் இதற்கு வேண்டும். ஏன் கூடாது என்று முதலாளியைக் கேட்டுவரச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அவர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பைக்குகளை நகர்த்தினார்.

மார்ச் 11

டெஸ்ட் முடிந்தது, உரிமம் உண்டு. எட்டுப் போடச் சொன்னார்கள். மைதானத்தில் பழகிய இடுப்பு கைகொடுத்தது.

மார்ச் 23

தனியாகக் கிருஷ்ணாபுரம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போக வேண்டும். வெங்கடாசலபதி கோயில் வீரப்ப நாயக்கர் மண்டபத்துச் சிலைகளைப் படிக்கிற காலத்தில் பஸ்ஸில் வந்து பார்த்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியில் கிளப்பிவிட்டார்கள். இன்று குறத்தியின் தூணுக்கு எதிரே உட்கார்ந்து, விரல் நகம்வரை நிதானமாகப் பார்த்தேன். கிளம்பும் நேரத்தை நானே வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் காற்றுப் பிடித்தேன்: முன்னால் 22, நடுச்சக்கரத்துக்கு 29. பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். காற்றுப் பிடிக்கிற பையன் காட்டித்தான் கவனித்தேன், இடது டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. சரிவான ரோட்டின் வேலையா, புஷ் தளர்ந்திருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும். இரும்புச் சட்டத்தின் போல்ட்டுகளையும் அப்போதே இறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். வாரக் கடைசியில் அம்மா பின்சீட்டில் ஏறப் போகிறாள், கண் ஆஸ்பத்திரிக்கு.