ஓட்டையை அடைக்காதீர்கள்

நீராவி இன்ஜினைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். திறக்க வேண்டியது பாய்லரை. வடசென்னையில் ஒரு லோகோ ஷெட்டில் பாய்லர் மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராயபுரத்தில் இருக்கிறேன். இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வெல்டிங்.

காட்சிக்கு நின்றிருந்த ஒரு பழைய இன்ஜினை மறுபடியும் ஸ்டீமில் ஓட்டப் போகிறோம், பெரியவர் ஒருமுறை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள். எந்த இடம், யார் என்பது வேண்டாம். ஹைட்ராலிக் டெஸ்ட் போட்டு முடித்திருந்தார்கள். ஃபயர்பாக்ஸின் வெளித்தகட்டில், ஸ்டே எனும் இழுவைக்கம்பிகளின் தலைகளைப் பார்த்தேன். வரிசையாகப் பல தலைகளின் நடுவில் வெல்டு மொட்டு மொட்டாக இருந்தது.

“தம்பி, இதெல்லாம் என்ன?”

“ஓட்டை இருந்துச்சுங்க ஐயா. டெஸ்ட்ல தண்ணி வந்துச்சு. வெல்டு வெச்சு மூடிட்டோம். இப்ப ஒரு சொட்டு வரல.”

பையன் பெருமையாகத்தான் சொன்னான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஓட்டை எதற்காக இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆளில்லாத வேலையை அவனிடம் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஃபயர்பாக்ஸ் என்பது பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் நெருப்பு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். WP வகை அகலப்பாதை இன்ஜினின் பாய்லரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. தட்டையான தகடு அந்த அழுத்தத்தில் தானாக நிற்காது, புடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு தகடுகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை நூற்றுக்கணக்கான ஸ்டேக்கள். ஒன்றுக்கொன்று நான்கு அங்குல இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்டேயும் சுமக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்றரை டன். நெருப்பு மூட்டியதும் உள்பெட்டி அதிகமாக விரியும், வெளித்தகடு அந்த அளவுக்கு விரியாது. நடுவில் இருக்கும் ஸ்டே வளைந்து கொடுக்கிறது. ஆறும்போது திரும்பி வருகிறது. வருடக்கணக்கில் இப்படியே வளைந்து நிமிர்ந்தால் இரும்பு களைத்து ஒடியும். பெரும்பாலும் வெளித்தகட்டை ஒட்டியே ஒடியும். மேல்வரிசைகளிலும் மூலைகளிலும்தான் முதலில்.

ஒடிந்த ஸ்டே வெளியே தெரியாது. தலை அப்படியேதான் இருக்கும். அதற்காகத்தான் தலையின் நடுவில் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு அளவுக்கு ஒரு துளை போட்டு, தகட்டின் கனத்தைத் தாண்டி உள்ளே இறக்கியிருப்பார்கள். டெல்டேல் ஓட்டை என்போம். ஸ்டே ஒடிந்தால் அதன் வழியாகத் தண்ணீரோ ஸ்டீமோ சீறும். அது பாய்லர் நம்மைக் கூப்பிடுவது. ஒரு ஸ்டே போனால் அதன் சுமை சுற்றியிருக்கும் நான்கின் தலையில் ஏறும், பிறகு அவையும் போகும். டெஸ்டில் தண்ணீர் வந்த இடமெல்லாம் ஒடிந்த ஸ்டே. அத்தனையையும் மூடிவிட்டு, ஒரு சொட்டு வரவில்லை என்று சான்றிதழ் எழுதப் பார்த்தார்கள். வெல்டை அரைத்து எடுத்து, ஒடிந்தவற்றை மாற்றாமல் இதில் நெருப்பு வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

என் மேஸ்திரி இருந்திருந்தால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். வாஷ்அவுட் பிளக் அத்தனையையும் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருப்பார். கொருக்குப்பேட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், ஃபோர்மேனிடம் மட்டும் ரெண்டு வார்த்தை இங்கிலீஷ். கலாசியாக வந்த என்னை அவர் முதலில் பாய்லர் பக்கமே விடவில்லை. டியூப்பில் சாம்பல் தள்ளுவது, ஃபவுண்டேஷன் ரிங்மேல் படிந்த சேற்றை வாஷ்அவுட் ஓட்டை வழியாகக் கம்பி விட்டுக் கிளறுவது, இதுதான் வேலை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. தகட்டில் கல்லாகக் கட்டும். அந்தக் கல் மூடிய இடத்தில் தண்ணீர் தொடாது, தகடு சூடேறிப் புடைக்கும். “சேத்த எடுக்கத் தெரியாதவனுக்கு சுத்தி எதுக்கு?” என்பார்.

ஒரு நாள் ஃபயர்ஹோல் வழியாக உள்ளே இறங்கச் சொன்னார். ஆறப்போட்ட பாய்லர்தான், ஆனாலும் முதுகு பொசுங்கும் சூடு. கையில் சின்னச் சுத்தியல், சாக்பீஸ். “கண்ண மூடுடா. கண்ணு தெரியறவனுக்குக் காது வேல செய்யாது.” ஒவ்வொரு ஸ்டேயாகத் தட்டச் சொன்னார். நல்ல ஸ்டே கிண்ணென்று பாடும், சுத்தியலைத் திருப்பி எறியும். ஒடிந்தது மொத்தென்று ஒலிக்கும், சுத்தியல் அங்கேயே படுத்துவிடும். கேட்பதற்கு எளிது. ஆனால் முழுக்க ஒடிந்ததற்கும், பாதி கீறல் விட்டதற்கும், திரேடு தளர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் காதுக்குப் பிடிபட வருடங்கள் ஆகும். நான் வட்டம் போட்ட ஸ்டேயில் அவர் மறுபடி தட்டிப் பார்ப்பார். சரி என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பென்றால் சாக்பீஸ் குறியைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

இதில் ஒரு விஷயத்தை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. தண்ணீரை முழுக்க வடிக்காமல் ஸ்டே தட்டக் கூடாது. “தண்ணி நிக்கிற பாய்லர்ல ஸ்டே பொய் சொல்லும்டா” என்பார். ஸ்டேயைச் சுற்றித் தண்ணீர் நின்றால் எல்லாமே மந்தமாகத்தான் ஒலிக்கும். வடிக்க நேரமாகும், சூட்டோடு வடித்தால் டியூப் கசியும், அதனால் ஆறவிட்டே வடிக்க வேண்டும். சாயந்திர வண்டிக்கு இன்ஜின் வேண்டும் என்று மேலே இருந்து சத்தம் வரும். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பிட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆறாமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

சித்தரஞ்சன் லோகோ ஒர்க்ஸ் தன் கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினான ‘அந்திம் சிதாரா’வை 1970இல் வெளியே விட்டது. 1995இல் அகலப்பாதையில் ஸ்டீம் வழக்கமான ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதோடு இந்தக் காது தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் தேவை போகவில்லை. 1855இல் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்த EIR-21 என்ற இன்ஜின், ஜமால்பூரிலும் ஹவுராவிலும் ஏறக்குறைய நூறு வருடம் காட்சிப்பொருளாக நின்றது. அதை 2010இல் ஓடவைத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அதன் உடன்பிறப்பு ஃபேரி குவீன்தான் உலகிலேயே வழக்கமாக ஓடும் மிகப் பழைய இன்ஜின் என்று 1998இல் கின்னஸில் இடம்பெற்றது. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் EIR-21 ஓடியதைப் பார்க்க ஜனம் நின்ற நிற்பைப் பார்த்தேன். எல்லாரும் புகையைப் படம் எடுத்தார்கள். நான் ஃபயர்பாக்ஸ் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை, ஒரு சீறல் இல்லை. இதைச் செய்தவர்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

பல பாகங்களைப் புதிதாகச் செய்துவிட்டார்களே, அப்புறம் எப்படி அது பழைய இன்ஜின் என்று சிலர் கேட்கிறார்கள். ஷெட் வாசலை மிதிக்காதவர்கள் கேட்கும் கேள்வி. ஓடிய காலத்திலேயே டியூப் மாறும், ஸ்டே மாறும், பாய்லரையே தூக்கி வேறு ஃபிரேமில் வைப்பார்கள். தேறாத தகட்டை வரலாறு என்று சொல்லிக் காப்பாற்றி, அதில் நெருப்பு மூட்டுவதைவிடப் புதுத் தகடு ஆயிரம் மடங்கு மேல்.

ஓடாமல் நிற்பவைதான் எனக்கு அதிகக் கவலை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடற்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று இங்கே ஜன்னல் கம்பி வைத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காற்று படும் இடத்தில் ஒரு இன்ஜினை மேடையில் ஏற்றி, வருடம் ஒருமுறை மேலே பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிம்னியை மூடாமல் விட்டால் மழைத்தண்ணீர் ஸ்மோக்பாக்ஸில் இறங்கும். அங்கே கிடக்கும் பழைய நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அமிலமாகி அடித்தகட்டைத் தின்றுவிடும். கிளாடிங் எனும் மேலுறைக்கு உள்ளே, லேகிங் எனும் வெப்பக்காப்பு ஈரத்தைப் பஞ்சுபோலக் குடித்துக்கொண்டு பாய்லர் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். வெளியே பளபளவென்று கறுப்பு, உள்ளே செதில் செதிலாகத் துரு. சிம்னிக்கு ஒரு தகர மூடி, ஸ்மோக்பாக்ஸைக் கூட்டிச் சுத்தம் செய்வது, கிளாடிங்கைக் கழற்றிப் பார்ப்பது, பிளக்குகளைத் திறந்து உள்ளே காயவிடுவது. லட்சங்கள் ஆகாத வேலை. லேகிங் ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் மட்டும் வெறுங்கையோடு தொடக்கூடாது. நாங்கள் தொட்டோம், அது வேறு காலம்.

இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். வெல்டு வைத்த அந்தப் பையனின் கை சுத்தமான கை, அவன் போட்ட ஒரு மொட்டில்கூடப் பிசிறில்லை. சொல்லிக்கொடுக்க ஏற்பாடில்லை, அதுதான் குறை. மூன்று மாத டெண்டரில், குறைந்த விலை சொன்னவருக்கு, கேட் செய்கிறவரும் தண்ணீர்த் தொட்டி செய்கிறவரும் போட்டி போட பாய்லர் வேலை போகிறது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனையில் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களை இந்த நூற்றாண்டில்கூடப் புதிதாகவே செய்தார்கள். ஆக, வேலை தெரிந்த கைகள் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அந்த வெல்டர் பையன்களை ஆறு மாதம் அங்கே உட்காரவைக்க என்ன தடை? ஸ்டே தட்டிப் பார்த்தவன் பெயரும், எந்தெந்த ஸ்டே மாற்றினான் என்ற வரைபடமும் இல்லாமல் எந்த இன்ஜினுக்கும் ஸ்டீம் அனுமதி கிடையாது என்று ஒரு விதி போட என்ன தடை?

ராயபுரம் பக்கம் யாராவது நிஜமாகவே ஒரு பாய்லரைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் சொல்லி அனுப்புங்கள். முழங்கால் இன்னும் ஃபயர்ஹோலுக்குள் இறங்கும். கூலி வேண்டாம், பிள்ளைகள் நான்கு பேர் கூட நிற்க வேண்டும். தண்ணீரை முதல் நாளே வடித்துவையுங்கள்.