பரம்பரையும் விலக்கும்

‘பரம்பரை நோய்’ என்ற சொல் நம்மவர் வாயில் ஒரு தீர்ப்பைப்போல் ஒலிக்கிறது. சொரியாசிஸ் தொற்றுநோயன்று, உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தோலிலேயே அழற்சியை மூட்டுவதால் விளைவது. 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எச்.எல்.ஏ.-சி என்னும் பரம்பரையலகின் ஒரு வடிவம் அதற்கு முக்கிய ஏதுவாகிறது. ஆயினும், அவ்வடிவத்தைத் தாங்குவோருட் பெரும்பாலோர் நோயுறுவதில்லை; ஒத்த இரட்டையருள்ளும் ஒருவர் நோயுற மற்றவர் நலமாயிருப்பதுண்டு. தொண்டைத் தொற்றும் புகைத்தலும் மனத்தாக்கமும் நோயைத் தூண்டவல்லன.

என் வகுப்பில் இந்நோயுற்ற மாணவி ஒருத்தியின் வாங்கில் அமர எவரும் முன்வரவில்லை. அவள் தமக்கைக்கு வந்த கலியாணப் பேச்சும் இதனால் முறிந்தது. பிறப்பைக் காட்டி மனிதரை விலக்கிப் பழகிய சமுதாயத்துக்கு விஞ்ஞானச் சொல்லொன்றும் புதிய ஆயுதமாகலாமா? பரம்பரையலகை வகுத்தது இயற்கை. விலக்கை வகுத்தவர் நாம். அதை ஒழிப்பதும் நம் கடமையே.