துருப்பிடித்த காருக்கு என்னங்க விலை?

ஒரே கம்பெனி, ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒரு கார் புதுப்பித்து பளபளவென்று நிற்கிறது. இன்னொன்று பெயின்ட் மங்கி, உள்ளே எல்லாம் தேய்ந்து, பரிதாபமாக நிற்கிறது. எதற்கு அதிக விலை கிடைக்கும்?

2014 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேலில் குடிங் நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு இப்படி இரண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் கார்கள் வந்தன. (கதவு மேலே தூக்கித் திறக்கும், பறவை சிறகை விரித்த மாதிரி. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள்.) பளபள கார் சுமார் 14 லட்சம் டாலருக்குப் போனது. பரிதாபக் கார்? சுமார் 19 லட்சம் டாலர்!

தேய்மானம் என்றால் மதிப்பில் கழிக்க வேண்டியது என்றுதானே அக்கவுண்டன்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? இங்கே தேய்மானத்துக்கே பணம் கொடுக்கிறார்கள். யோசித்தால் நியாயம் புரியும். காசு இருந்தால் எந்தக் காரையும் புதுப்பித்துவிடலாம், அடுத்த வருடம் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஃபேக்டரியில் அடித்த பெயின்டையும், அன்றைக்குத் தைத்த தோல் சீட்டையும் ஒருமுறை உரித்துப் போட்டால் போட்டதுதான். மற்ற 300 எஸ்எல்களைப் புதுப்பிக்கிறவர்களே இப்படி ஒரு கை படாத காரைப் பார்த்துத்தான் எது அசல் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

உடனே கொட்டகையில் கிடக்கும் ஒவ்வொரு துருப்பிடித்த காரும் புதையல் என்று கிளம்பிவிடக் கூடாது. சிறகுக் கதவு 300 எஸ்எல் மொத்தமே 1,400 தான் செய்தார்கள். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் 70,000-க்கும் மேல். எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல், அதற்குப் புத்தம்புது பாடி ஷெல்லே விலைக்குக் கிடைக்கிறது. இந்த மாதிரி கார்களில் துரு என்றால் வெறும் துருதான், செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வேலை எல்லாம் முடிந்த நல்ல இ-டைப்பின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்குத்தான், நிஜ விலை அல்ல). புதுப்பிக்க 65. பிரித்துப் பார்த்த பிறகு வெளியே வரும் பூதங்களுக்கு 15. மிச்சம் 20. விற்கிறவரோ ஏலச் செய்தியில் 100 என்று படித்துவிட்டு, "பழசுதானே, 50 கொடுங்கள்" என்பார். அவர் படித்த அந்தத் தொகையில் வாங்குபவர் ஏலக் கம்பெனிக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும், அதில் ஒரு பைசா விற்றவர் கைக்கு வராது என்பது தனிக்கதை.

65-ஆ 85-ஆ என்பதுதான் முழு ஆட்டமும். இ-டைப்பின் முன்பக்கம் குழாய்களால் ஆன ஃபிரேம். அந்தக் குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் ஜோராக இருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில், தரைத்தகடு இரண்டும் அடுத்தது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணி சுற்றி பாடி மேல் ஓட்டினால், எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. (300 எஸ்எல்லிடம் இந்த வித்தை முழுசாகப் பலிக்காது, அதன் பானெட்டும் கதவும் அலுமினியம்.) இன்ஜின் இறுகிப் போயிருந்தால் பலரும் பயந்து ஓடுகிறார்கள். அவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஜாகுவார் இன்ஜினுக்கு உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும், பாடி துருதான் பர்ஸைக் காலி செய்யும்.

பிறகு நம்பர். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பிறந்தபோது இருந்தவைதானா என்று பழைய பதிவேட்டைப் பார்த்து ஜாகுவாரின் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் சான்றிதழ் கொடுக்கிறது. முதல் நிறம்கூட அதில் இருக்கும். இன்ஜின் மாறியிருந்தால் அந்த 100 என்பதே குறைந்துவிடும், பாக்கிக் கணக்கு எல்லாம் மறுபடி.

இதுவரை வாங்குபவர் பக்கம். கார்க்காரர் இறந்துபோய், கொட்டகையைக் காலி செய்ய நினைக்கும் மனைவியோ பிள்ளைகளோ மறுபக்கம் நிற்கும்போதுதான் சிக்கல். வந்தவருக்கு எல்லாம் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "இரும்புக் கடைக்குப் போட்டால் இதுகூட வராதும்மா" என்று ரொக்கத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். சட்டப்படி விற்பனை முடிந்தது. ஆனால் சந்தை மதிப்பு என்பதற்கு மதிப்பீட்டாளர்கள் வைத்திருக்கும் வரையறையிலேயே இரண்டு தரப்புக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும், யாருக்கும் நெருக்கடி இருக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விலைக்கு வேறு பெயர். தேடி அலைந்தவருக்கும் கூலி வேண்டாமா என்றால், வேண்டும்தான். அதற்குத்தான் அந்த 15 இருக்கிறது. சான்றிதழை அவர்களிடமும் காட்டிவிட்டு 20-லிருந்து பேச்சை ஆரம்பித்தாலும் வியாபாரம் நடக்கும்.

அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் வரப்போகிறார் என்று காரைத் தேய்த்துக் கழுவி, கோட்டிங் ஒன்று அடித்து வைக்காதீர்கள். டேஷ்போர்டில் கிடக்கும் பழைய சர்வீஸ் பில், வரி ரசீது, எண்ணெய்க் கறை படிந்த கையேடு இவற்றைக் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். ஸ்காட்ஸ்டேலில் அந்த 5 லட்சம் டாலர் வித்தியாசம் இந்த மாதிரி சமாச்சாரங்களுக்குக் கிடைத்ததுதான்.