இரண்டு தங்கக் காசு

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று பேரன் ஒரு டேப்லெட் கொடுத்தான். போன மாதம் முழுக்க அதில் ஒரே நாவல்தான். பிலிப்பைன்ஸ் நாட்டு ஹோசே ரிசால் எழுதி 1887-இல் பெர்லினில் வெளியான 'நோலி மே தாங்கெரே'. மூலம் ஸ்பானிஷ். நான் படித்தது 1899-இல் பாரீசில் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கதை என்றால் இன்றும் அந்த மொழிதான் எனக்குச் சரளம்.

ரிசாலும் கண் டாக்டர்தான். தாயாரின் பார்வை மங்கிவந்ததால் அந்தப் படிப்பை எடுத்தவர்.

ஸ்பெயின் அங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டது. கிராமத்தில் அதிகாரம் என்றால் கவர்னர் இல்லை, பாதிரியார்தான். நிலமும் துறவற சபைகளிடம் ஏராளம். ரிசாலின் குடும்பமே கலாம்பா ஊரில் டொமினிக்கன் சபையின் குத்தகைதாரர்கள். குத்தகைத் தகராறு முற்றி, வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதற்கும் முன்னால், 1872-இல், கலகத்துக்குத் துணைபோனதாகச் சொல்லி மூன்று உள்நாட்டுப் பாதிரியார்களைக் கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். அப்போது ரிசாலுக்குப் பத்து வயது.

நாவலில் கதாநாயகன் இபர்ரா ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்து பள்ளிக்கூடம் கட்டப் பார்க்கிறான். பெரிய கதை அது. ஆனால் என்னை நிறுத்தியது கிறிஸ்பின் என்ற சின்னப் பையன். கோயில் மணி அடிப்பவன். இரண்டு தங்கக் காசைத் திருடினான் என்று அவன்மேல் பழி போடுகிறார்கள். எடுக்கவில்லை என்கிறான். அடித்து இழுத்துப் போகிறார்கள். அப்புறம் அவன் வீடு திரும்பவே இல்லை. தாய் சிசா சித்தம் கலங்கித் தெருவில் அலைகிறாள்.

அந்தப் பக்கத்தோடு டேப்லெட்டை அணைத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாபகம்.

நான் வேலை பார்த்த ஒரு ஆபீசில் கேஷில் எண்பது ரூபாய் குறைந்தது. பழி பியூன்மேல். அவர் சம்பளத்தில் பிடித்தார்கள், காரைக்காலுக்கு மாற்றினார்கள். வருஷக் கடைசியில் கணக்கைச் சரிபார்த்தபோது, அது கூட்டல் பிழை என்று கண்டுபிடித்தேன். பிழை சீனியர் ஒருவருடையது. அவரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, அவன்தான் போயிட்டானே, விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன். ஊருக்குப் போகும் அன்று அந்தப் பியூன், "நீங்களாவது நம்புறீங்களா சார்?" என்று கேட்டிருந்தார்.

நாவலுக்கு வருகிறேன். ரிசால் ஆயுதம் எடுக்கச் சொன்னவர் இல்லை. 1892-இல் அவரைத் தபித்தானுக்கு நாடு கடத்துகிறார்கள் என்ற செய்தி வந்ததும், மணிலாவில் கிடங்கு வேலை பார்த்த அந்திரேஸ் போனிபாசியோ 'கத்திப்புனான்' என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய படிப்பு இல்லை, தானே படித்து முன்னேறியவர். ரிசாலின் புத்தகத்தையும் படித்தவர். 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. ரிசால் அதைக் கண்டித்து அறிக்கையே எழுதினார். அப்படியும் விடவில்லை. 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

சுட்ட வரிசையில் நின்றவர்கள் பிலிப்பைன்ஸ் சிப்பாய்களே. அவர்களுக்குப் பின்னால் ஸ்பானிஷ் சிப்பாய்கள் இன்னொரு வரிசையாகத் துப்பாக்கியோடு நின்றார்கள், முன்வரிசை தயங்கினால் என்ன செய்வது என்று.

எனக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை.

ரிசாலின் இரண்டாவது நாவல் 1891-இல் வந்தது, கொல்லப்பட்ட அந்த மூன்று பாதிரியார்களுக்குக் காணிக்கையாக. அதையும் பிரெஞ்சில் தேடித்தரச் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்பினின் அண்ணன் பசிலியோ அதில் வளர்ந்து, மருத்துவம் படிக்கிறானாம்.