தாத்தா தந்த மரப் பேனா

உங்கள் ஒவ்வொருவரிடமும் உயிரினும் மேலாகப் போற்றும் பொருள் ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பேனா. அது கடையில் வாங்கியதன்று. பாம்பனில் நாட்டுப் படகுகள் கட்டும் தச்சராக இருந்த என் தாத்தா, படகு வேலையில் மிஞ்சிய பூவரச மரத் துண்டைக் கடைந்து, நடுவே துளையிட்டு, ரீஃபில் பொருத்தி, அரக்குப் பாலிஷ் பூசி எனக்களித்தது. "எழுதிக்கிட்டே இரு தாயி, எழுத எழுதத்தான் பேனாவுக்கு அழகு" என்றார்.

சென்ற ஆண்டு சித்திரையில் தாத்தா இறைவனடி சேர்ந்தார். அன்றே அப்பேனாவைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். எழுதினால் தேய்ந்துவிடுமே என்ற அச்சம்!

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு நாள் தாத்தாவின் நினைவு வரவே பெட்டியைத் திறந்தேன். என் நெஞ்சு பதைத்தது. பேனா முழுவதும் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது! அழுதுகொண்டே ஈரத் துணியால் துடைத்தேன். பளபளப்புப் போய்விட்டதே என்று, பெரியப்பாவின் பட்டறையிலிருந்து அவரைக் கேளாமலே பாலிஷ் எடுத்து வந்து, கொட்டும் மழையில் திண்ணையில் அமர்ந்து பூசினேன். மறுநாள் காலை பேனா, புரை விழுந்த கண்ணைப்போல் வெளிறிக் கிடந்தது.

நான்கு நாட்கள் அதை மறைத்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் திட்டவில்லை. நெடுநேரம் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "ரெண்டும் வேற வேற நோவும்மா. நீ ஒரே மருந்து கொடுத்துட்டே" என்றார்.

பூசணம் மேலே வளர்வது. துடைத்தால் கையோடு வரும். அதன் நுண்விதைகள் காற்றில் எங்கும் உள்ளன. கைவியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசும் அதற்கு உணவு. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நீடித்தால் அது வளரத் தொடங்கும். நானோ காற்றுப் புகாத பைக்குள் ஈரத்தையும் சேர்த்தே பூட்டியிருந்தேன்!

வெண்மங்கல் அப்படியன்று, அது பாலிஷுக்கு உள்ளேயே இருப்பது. துடைத்தால் போகாது. காரணத்தை எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டறிந்தேன். அரக்கு என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். நம் நாட்டில் ஜார்க்கண்டில் மிகுதியாகக் கிடைப்பது. அதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவர். ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழைக்காற்றின் ஈரம் அதில் பனிபோல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்நுண் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தோன்றுகிறது.

நம் கரையோரத்தில் இத்தொல்லை மிகுதி. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கசிவதை நாம் காண்கிறோமல்லவா? காற்றில் வரும் உப்பு எதில் படிந்தாலும் ஈரத்தை இழுக்கும். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை இந்த உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்புக்கே அந்தக் கதியென்றால் என் பேனா எம்மாத்திரம்!

பெரியப்பா மழை விடும்வரை காத்திருந்தார். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. பேனாவை நிழலில் காற்றாட உலர்த்தினார். "நேர் வெயில்ல வச்சா வெடிச்சிடும்" என்றார். பின்பு மெல்லிய துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, நுனி முதல் அடிவரை ஒரே இழுப்பாக மெல்லத் தடவினார். பூச்சு சற்றே இளகி, சிக்கிய ஈரம் வெளியேறியது. என் கண்ணெதிரே வெண்மை கரைந்து பூவரசின் கருஞ்சிவப்பு மீண்டது! நன்கு உலர்ந்தபின் தேன்மெழுகு தேய்த்துத் தந்தார்.

மூடியின் அருகே மட்டும் கடுகளவு கறை நின்றுவிட்டது. "உப்புத்தாள் போட்டாப் போயிடும். ஆனா அப்பா கைவேலையும் கூடவே போயிடும். இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. அவர் குரல் தழுதழுத்தது. அப்போதுதான், தாத்தாவை இழந்தது நான் மட்டுமல்லள் என்று உணர்ந்தேன்.

தோழியரே, மழை நாளில் பாலிஷ் பூசாதீர்கள்; மரப் பொருளைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள்; நாள்தோறும் உலர்ந்த துணியால் துடையுங்கள். எல்லாவற்றினும் மேலாக, அதைப் பயன்படுத்துங்கள். பூட்டி வைத்த அன்பும் பூசணம் பிடிக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வை அந்தப் பேனாவால்தான் எழுதினேன். இக்கட்டுரையையும் அதனாலேயே எழுதுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி