பெருக்கமும் தெளிவும்

தொலைவில் இருப்பதை அருகில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது மனிதனின் தீராத ஆசை. விண்ணில் உலவும் கோள்களைக் காண்பதற்குக் குழல் செய்தவன், அதைச் சிறிதாக்கித் துப்பாக்கியின் முதுகிலும் ஏற்றி வைத்தான். பார்ப்பதற்கென்று பிறந்த கருவி குறிபார்ப்பதற்கென்று ஆயிற்று. பார்ப்பது வேறு, குறிபார்ப்பது வேறு என்பதை அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்தில் ஒருவர் ஒரு கோடைப் பகலில் உணர்ந்துகொண்டார்.

அவர் ஓய்வு பெற்ற தச்சர். மயிரிழை பிசகாமல் மரத்தை அளந்து அறுத்துப் பழகிய கை அவருடையது. அந்தக் கைக்கு ஓய்வுக் காலத்தில் கிடைத்த விளையாட்டு, காகித இலக்கைச் சுடுவது. மேசைமேல் மணல் பைகளை அடுக்கி, அவற்றின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, 100 கெஜத்திற்கு அப்பால் உள்ள தாளில் ஐந்து குண்டுகளையும் ஒரே துளையில் செலுத்த முயல்வார். அதில் யாருக்கும் துன்பமில்லை. தோற்றாலும் ஒரு தாள்தான் கிழியும்.

அவருடைய அண்டை நிலத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவர் இருந்தார். மேய்ச்சல் நிலத்தைப் புல்வெளி நாய்கள் பாழாக்குகின்றன என்றும், வந்து சுட்டுத் தர வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். பெயரில் நாய் இருந்தாலும் இவை அணில் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாய் குரைப்பது போன்ற குரலால் அப்பெயர் பெற்றன. கூட்டங்கூட்டமாக வளை தோண்டி வாழும். வளை வாயில் உள்ள மண்மேட்டில் நிமிர்ந்து நின்று காவல் காக்கும். பயிருக்கும் மேய்ச்சலுக்கும் தொல்லை தரும் இத்தகைய உயிர்களையெல்லாம் அந்நாட்டு வேட்டைக்காரர்கள் ‘வார்மின்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர்.

தச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிமிர்ந்து நிற்கும் புல்வெளி நாயின் உடல் ஏறத்தாழ 3 அங்குல அகலம் இருக்கும். 300 கெஜத் தொலைவில் அந்த 3 அங்குலம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான். தம் பழைய நான்கு மடங்குக் குழல் இதற்குப் போதாது என்று முடிவு செய்து, நகரத்துக் கடைக்குச் சென்றார்.

கடைக்காரர் இரண்டு குழல்களை எடுத்து வைத்தார். ஒன்று 36 மடங்கு பெருக்கிக் காட்டுவது. அதில் மாற்றம் செய்ய இயலாது. மற்றொன்று 6 முதல் 18 மடங்கு வரை வளையத்தைத் திருப்பி மாற்றிக்கொள்ளக்கூடியது. தச்சரின் மனம் முதலாவதையே நாடியது. பெரிதாகக் காட்டுவதுதானே சிறந்தது என்று எண்ணினார். அவ்வாறு எண்ணாதவர் யார்?

கடைக்காரர் வணிகம் மட்டும் அறிந்தவர் அல்லர், கருவியையும் அறிந்தவர். பெருக்கம் கூடக் கூட எவையெல்லாம் குறையும் என்பதை அவர் நிதானமாக எடுத்துரைத்தார். 36 மடங்குக் குழலில் 100 கெஜத் தொலைவில் ஏறக்குறைய 3 அடி அகலமே கண்ணுக்குப் புலப்படும். 6 மடங்கில் சுமார் 17 அடி புலப்படும். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் வில்லைக்கு 10 மடங்கில் அது 4 மில்லிமீட்டர். 36 மடங்கிலோ 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மாலை வெளிச்சத்தில் விரியும் கண்பாவைக்கு அது போதவே போதாது.

தெளிவு என்பது பெருக்கத்திலிருந்து வருவதன்று என்பதற்கு அவர் மற்றொரு சான்றும் காட்டினார். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பல வில்லைகள் கொண்ட குழலில் இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும். 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா கண்டறிந்த மெல்லிய பூச்சு அவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. ஆகவே குழலை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அன்று, கண்ணாடியை.

இடமாறு தோற்றப் பிழையைப் பற்றியும் பேச்சு வந்தது. கண் சிறிது விலகினால் குறுக்கிழையும் இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழை அது. தொலைவுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வளையம் இல்லாத குழல், சிறிய இலக்கைச் சுடுபவருக்கு உதவாது. இரண்டாவது குழலில் அவ்வளையம் இருந்தது. திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு ‘கிளிக்’ ஒலிக்கும் 100 கெஜத்தில் குறி அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு நகரும். தச்சரின் கைக்கு அந்த அளவு பிடித்துவிட்டது. 6 முதல் 18 மடங்குக் குழலையே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

சிறந்த கருவியைத் தேர்ந்துவிட்டோம் என்ற நிறைவு அவருக்கு இருந்தது. ஆனால், தேர்வு கடையிலேயே முடிந்துவிடுவதில்லை.

ஜூன் மாதத்து நண்பகல். மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்காரர் பக்கத்தில் அமர்ந்திருக்க, தச்சர் தரையில் படுத்துத் துப்பாக்கியைப் பையின்மேல் சாய்த்திருந்தார். 18 மடங்கு இருக்கும்போது 17 எதற்கு என்று வளையத்தை இறுதிவரை திருப்பியிருந்தார். 250 கெஜத்திற்கு அப்பால் ஒரு மண்மேட்டில் பழுப்பு உருவம் ஒன்று நிமிர்ந்து நின்றது. சூடேறிய நிலத்திலிருந்து எழுந்த கானல் நீரோட்டம்போல் நெளிந்தது. குழல் இலக்கைப் பெருக்கியது. கூடவே கானலையும் பெருக்கியது. உருவம் கரைவதும் கூடுவதுமாக இருந்தது. குறுக்கிழை அதன் நடுவில் நின்றது. விரல் விசையைத் தொட்டுவிட்டது.

“பொறுங்கள். பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்” என்றார் மாட்டுக்காரர்.

அவர் கையில் சாதாரண இரட்டைக்குழல் தொலைநோக்கி இருந்தது. தச்சர் விரலை எடுத்துவிட்டு வளையத்தை 8க்குத் திருப்பினார். உருவம் சிறுத்தது, ஆனால் நெளிவு அடங்கி, விளிம்பு துலங்கியது. நீண்ட கால்கள். கண்களுக்கு மேலே வெண்ணிறப் புருவம். தலை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. அது புல்வெளி நாய் அன்று. அவை தோண்டிய வளைகளில் குடியிருக்கும் வளை ஆந்தை. 9 அங்குல உயரமே உள்ள அப்பறவை மண்மேட்டில் நின்றால் தொலைவில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், புல்லைத் தின்னும் வெட்டுக்கிளிகளை அது தின்கிறது என்பதை மாட்டுக்காரர் அறிவார்.

தச்சர் துப்பாக்கியைத் திறந்து குண்டை வெளியே எடுத்தார். கை சற்று நடுங்கிற்று. மாட்டுக்காரர் இரட்டைக்குழலை அவரிடம் நீட்டினார்.

“பார்ப்பதற்கு இது, சுடுவதற்கு அது. அந்தக் குழலால் எதைப் பார்த்தாலும் துப்பாக்கியும் அதன்மேல்தான் திரும்பி நிற்கும்” என்றார்.

தச்சர் அன்றோடு வேட்டையைத் துறந்துவிட்டார் என்று கூறினால் கதை அழகாக முடியும். ஆனால் அவர் துறக்கவில்லை. கானல் தணிந்த மாலையில் மீண்டும் வந்து, கேட்டுக்கொண்ட வேலையைச் செய்தார். மாறியது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் இரட்டைக்குழலால் பார்த்து, இன்னதென்று வாய்விட்டுச் சொன்ன பிறகே துப்பாக்கியின் பக்கம் திரும்பினார். ‘வார்மின்ட்’ என்ற பொதுச்சொல்லை அவர் வாய் சொல்லவில்லை. புல்வெளி நாய், ஆந்தை, முயல் என்று அதனதன் பெயரையே சொன்னது.

ஓர் உயிரைத் தொல்லை என்று முன்னதாகவே தீர்மானித்துவிட்டவனுக்குத் தொலைவில் தெரியும் பழுப்பு நிறமெல்லாம் தொல்லையாகவே தோன்றும். அவனுக்கு எத்தனை மடங்கு பெருக்கும் குழலைக் கொடுத்தாலும் அவனது முடிவைத்தான் அது பெருக்கிக் காட்டும். தச்சரின் துப்பாக்கிப் பெட்டியில் இப்போது இரட்டைக்குழல் மேலே இருக்கிறது. அதைக் கையில் எடுத்த பிறகே துப்பாக்கியை எடுக்க முடியும்.